கடலூர் பஸ்ஸில் மிருதங்கம் கேட்க எந்த ஹெட்போன்?

ஹெட்போன் வாங்க யோசனை கேட்கிறவர்கள் பட்ஜெட்டில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது, அதை மாட்டிக்கொண்டு எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று. அக்கா மகனிடமும் அதைத்தான் கேட்டேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை படிக்கிறான், கையில் மிருதங்கம். “பஸ்லதான் மாமா அதிகம் கேப்பேன். வீட்டுல அம்மாவுக்கு சீரியல் ஓடும். ராத்திரி லேப்டாப்ல நாங்க வாசிச்ச ரெக்கார்டிங்க கொஞ்சம் சரி பண்ணுவேன்” என்றான். 10,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். சத்தம் எப்படி இருக்கணும் என்றதற்கு, “எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, ஆனா ஒவ்வொரு விரலும் தனியா கேக்கணும்” என்றான்.

அந்தப் பதிலில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கடையில் நிற்கும்போது பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால், மாடல்களுக்குப் போகும் முன் இதைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

கூட்டாமல் குறைக்காமல் ஒலிக்கிற ஹெட்போனில் ஒவ்வொரு அலைவரிசையும் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அளந்தால் வரைபடத்தில் நேர்கோடு வரும் என்று நினைப்போம். வராது, வரவும் கூடாது. காதுக்குள் போகும் வழி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடிய அந்தக் குழாய் 3,000 ஹெர்ட்ஸ் அருகில் தானாகவே ஒத்ததிர்ந்து, காதுமடலும் சேர்ந்து, அங்கே வரும் ஒலியைப் பத்து டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து உலகத்தை இந்த மேட்டோடுதான் கேட்கிறோம். காதுக்குள் செருகும் இயர்போன் காதுமடலைத் தாண்டி, குழாயின் பாதி வழியையும் தாண்டி உட்கார்ந்துவிடுவதால், இயற்கை தரும் மேட்டை அதுவே போட்டுத் தர வேண்டும். போடாத இயர்போனில் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். அதிகமாகப் போட்டால் வயலின் வில் காதைக் கீறும்.

அந்த மேடு எவ்வளவு, கீழே பேஸ் (கனத்த அடியொலி) எவ்வளவு என்பதில் இரண்டு கட்சிகள். ஒன்று பழைய கட்சி: எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையில் காதுக்குள் பதிவாவதை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்காவின் எட்டிமாட்டிக் ரிசர்ச் என்ற இயர்போன் கம்பெனி இந்த வழிக்காரர்கள். பேஸை ஒரு இம்மி கூட ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று ஹார்மன் என்ற ஆடியோ கம்பெனியின் கட்சி. அதன் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012-ஐ ஒட்டி ஆரம்பித்த ஆய்வுகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதைப் போன்ற ஒலியையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள். அறை, ஸ்பீக்கரின் பேஸுக்குக் கொஞ்சம் சதை போடும் அல்லவா, அதையும் சேர்த்து ஒரு கோடு வரைந்தார்கள். இன்றைய சீன இயர்போன்களில் பல அந்தக் கோட்டை ஏதோ ஒரு விதத்தில் தழுவியவை. இரண்டு கட்சியும் தங்களை நியூட்ரல், அதாவது கூட்டாமல் குறைக்காமல் ஒலிப்பவர்கள் என்றே சொல்லிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே பேஸில் பல டெசிபல் வித்தியாசம்.

எது சரி? வீட்டில் உட்கார்ந்து கேட்பவனுக்கு இது ருசி சார்ந்த விஷயம். பஸ்ஸில் கேட்பவனுக்கு அப்படியில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஏறி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகிற பஸ்ஸில் மூன்று சத்தம் உண்டு. எஞ்சின் உறுமல், இதன் பலம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டு. இது எல்லா அலைவரிசையிலும் வரும், தனியார் பஸ் என்றால் நிச்சயமாக வரும். அப்புறம் ஏர் ஹாரன். இவற்றில் ஹாரன்தான் எரிச்சல், ஆனால் இசைக்குக் கெடுதல் செய்வது எஞ்சின். மிருதங்கத்தின் தொப்பி (இடதுபக்கத் தோல்) ஒலிக்கிற இடமும் எஞ்சின் உறுமுகிற இடமும் ஒன்றே. உறுமல் தொப்பியை மூடிவிடும். ‘தொம்’ கேட்காது, தொப்பியை அழுத்திச் சுருதியை வழுக்க வைக்கும் கும்கியின் இழைவு கேட்காது. வலதுபக்கத் தோலான வலந்தலையின் ‘நம்’மும் ‘தின்’னும் மட்டும் எலும்பாக நிற்கும். உடனே, இந்த ஹெட்போனில் பேஸ் இல்லை என்று முடிவுகட்டி, பேஸை வாரி இறைக்கும் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் வால்யூமை ஏற்றுகிறார்கள்.

வால்யூம் ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வரம்பு, 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது வாரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் 90-ஐத் தொடுவது சுலபம். தினம் போய்வரும் ஒருவன் 4 மணி நேரத்தை வெள்ளிக்கிழமைக்கு முன்பே தீர்த்துவிடுவான். காதுதான் இவன் பிழைப்பு என்பதை அக்காவுக்குச் சொன்னபோது பட்ஜெட் கொஞ்சம் நெகிழ்ந்தது. அது வேறு கதை.

ஆகவே என் கட்சி இது: வெளியே எடுத்துப்போகும் ஹெட்போனில் நுணுக்கம் என்பது முதலில் அமைதியிலிருந்து வருகிறது. வெளிச்சத்தத்தை 20, 25 டெசிபல் தடுக்கிற 2,000 ரூபாய் இயர்போன், தடுக்காத 20,000 ரூபாய் ஹெட்போனை விட பஸ்ஸில் அதிகம் காட்டும். இந்தக் கண்ணோடுதான் கீழே வருகிறவற்றைப் பார்க்கிறேன்.

திறந்த வகை ஹெட்போன்களை இங்கேயே விலக்கிவிடலாம். 1984-லிருந்து வரும் காஸ் போர்ட்டா ப்ரோவும், காதில் கொக்கி போல மாட்டும் கேஎஸ்சி75-உம் காசுக்கு மிக நல்ல ஒலி. இரண்டில் கேஎஸ்சி75 தான் நியூட்ரலுக்குப் பக்கம். போர்ட்டா ப்ரோவில் பேஸ் தூக்கல். அதிகாலையில் சில்வர் பீச்சில் நடக்கிறவருக்கு நான் யோசிக்காமல் சொல்வேன். பஸ்ஸில் இவை இருந்தும் இல்லாதது மாதிரி.

காதை மூடும் பெரிய ஹெட்போன்களில் இந்த வேலைக்குப் பொருத்தமாக மூன்று பெயர்கள் வரும்.

சோனி எம்டிஆர்-7506, 1991-ல் வந்தது. இன்றும் படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்கள் கழுத்தில் அதைப் பார்க்கலாம். மின்தடை 63 ஓம், போனிலிருந்தே நன்றாக இயங்கும், மடித்துப் பையில் போடலாம். பத்தாயிரத்தை ஒட்டிய விலை. மேல் அலைவரிசையில் ஒரு தூக்கல் இருக்கிறது. அங்கேதான் மைக்கின் இரைச்சலும், சட்டை உரசலும், வாயோரத்து ‘ஸ்’ஸும் இருப்பதால், ஒலிப்பதிவாளருக்கு அது வசதி: தப்பு உடனே மாட்டும். நம் ஆள் ராத்திரி ரெக்கார்டிங் சரி பண்ணுவதற்கும் உதவும். ஆனால் இதைக் கேட்டுக்கொண்டு ட்ரெபிளை, அதாவது அந்த மேல் அலைவரிசையைக் குறைத்தால், மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பதிவு மங்கலாகக் கேட்கும். சுருள் வயர் கழற்ற முடியாதது. பஸ் கம்பியில் மாட்டிக்கொள்வதற்கென்றே செய்தது போல இருக்கும். காதுப் பஞ்சின் மேல்தோல் உரியும், கறுப்புச் செதில் காதோரம் ஒட்டும். நம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். பஞ்சு மாற்றக் கிடைக்கும்.

ஏகேஜி கே371, 2019-ல் வந்தது. ஏகேஜி ஹார்மன் குடும்பத்துக் கம்பெனி. கே371 ஹார்மன் கோட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறது. 32 ஓம், சுமார் 255 கிராம், மடியும், வயர் கழலும். ‘கூட்டாமல் குறைக்காமல்’ என்பதற்கு இந்த மூன்றில் இதுதான் மிகப் பொருத்தம். குறை எங்கே என்றால், காதைச் சுற்றி முழுதாக அடைத்து உட்கார்ந்தால்தான் அந்த ஒலி. கண்ணாடி போட்டவருக்கோ, காதோரம் முடி அடர்த்தியாக உள்ளவருக்கோ பேஸ் கசிந்து ஓடிவிடும். கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ஹைசர் எச்டி 25 இவற்றில் மூத்தது, 1988. காதின் மேல் உட்காரும் வகை, வயர் இல்லாமல் 140 கிராம்தான். 70 ஓம் என்றாலும் போனிலேயே கத்தும். காதின் மேல் உட்காரும் ஹெட்போன்களில் இந்த அளவுக்கு வெளிச்சத்தத்தைத் தடுப்பது அபூர்வம். காரணம், இடுக்கி மாதிரி பிடிக்கும். கண்ணாடிக்காரர்களால் ஒரு கச்சேரி முழுக்கப் போட்டிருக்க முடியாது. வயர், பஞ்சு, தலைப்பட்டை, ஒலிக்கிற டிரைவர் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த குணம். ஒலி மட்டும் முழு நியூட்ரல் இல்லை. மேல் பேஸ் கொஞ்சம் தடிப்பு, நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும். பிடித்தவர்கள் விடவே மாட்டார்கள்.

மூன்றுக்கும் பொதுவான பிரச்சினை ஒன்று. மூடிய ஹெட்போன் நடு அலைவரிசையையும் மேல் அலைவரிசையையும் ஓரளவு தடுக்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது எஞ்சின் உறுமும் இடத்தில், கிட்டத்தட்ட ஒன்றும் தடுக்காது. அதோடு மே மாதம் மதியம் கிருமாம்பாக்கம் தாண்டும் பஸ்ஸில் காதைச் சுற்றி ரெக்சின் பஞ்சு! வியர்வையை நினைத்தாலே போதும். இவை மேசைக்கு உரியவை. பஸ்ஸுக்கு இல்லை.

அப்படியானால் சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கிற ப்ளூடூத் ஹெட்போன்? எஞ்சின் உறுமலுக்கு இதுதான் நேரடி மருந்து. உள்ளே இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதன் தலைகீழ் அலையை உருவாக்கிச் சேர்க்கிறது. மெதுவாக மாறுகிற கீழ் அலைவரிசையில் இது அபாரமாக வேலை செய்யும். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அதன் கை தளர்ந்துவிடும். ஆகவே உறுமல் மறையும்; ஏர் ஹாரன் மறையாது; பஸ்ஸின் சினிமாப் பாட்டில் பேஸ் போய், பாடகர் குரல் மட்டும் மெல்லிசாகக் கேட்கும். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 (2020) 20,000 ரூபாயை ஒட்டி வருகிறது. அடுத்து 2022-ல் வந்த எக்ஸ்எம்5 மடியாது, எக்ஸ்எம்4 மடியும். பையோடு பயணிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டும் வாங்கியபடியே கேட்டால் பேஸ் வீங்கியவை. ஆப்பில் உள்ள ஈக்வலைசரில் பேஸைக் குறைத்தால் கணிசமாகத் தேறும்.

பலர் ப்ளூடூத்தை அதன் கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வைத்துத் திட்டுவார்கள். எஸ்பிசி நொடிக்கு 328 கிலோபிட் வரை, எல்டேக் 990 வரை என்றெல்லாம் எண்கள் உண்டு. என் அனுபவத்தில் ஹெட்போனின் டியூனிங் செய்யும் வித்தியாசத்துக்கு முன்னால் கோடெக் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் சுத்தமாக இல்லை. இசை மாணவனுக்கு உண்மையான தடை தாமதம். ஒலி ப்ளூடூத் வழியாக வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு ஆகும். படம் பார்க்கும்போது போன் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் ஓடும் பதிவைக் கேட்டபடி மேலே வாசித்துப் பதிவு செய்தால் உன் அடி முழுக்கப் பின்தங்கிப் பதிவாகும். எடிட் பண்ணும்போதும் கண் பார்க்கிற அலையும் காது கேட்கிற அடியும் ஒட்டாது. லயக்காரனுக்கு இதைவிடக் கொடுமை என்ன வேண்டும்? வயர்தான்.

சரி, வயர் உள்ள இன்-இயர்கள், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன்கள். இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான், ஏனென்றால் விலைக்கும் ஒலிக்கும் உள்ள பழைய உறவு இங்கே உடைந்துகிடக்கிறது.

எட்டிமாட்டிக்கை முதலில் சொல்ல வேண்டும். 1991-ல் வந்த இவர்களின் ஈஆர்4 தான் காதுக்குள் செருகும் நுணுக்கமான இயர்போன்களுக்கெல்லாம் பாட்டன். மூன்று அடுக்கு ரப்பர் குடை காதுக்குள் இரண்டாவது வளைவு வரை இறங்கும். வெளிச்சத்தம் 35 டெசிபலும் அதற்கு மேலும் குறையும் என்பது கம்பெனிக் கணக்கு. சரியாக இறங்கினால் எஞ்சின் உறுமல் உட்பட எல்லாமே தூரமாகப் போய்விடும். மற்ற இயர்போன்களில் பெரும்பாலானவை, எதிர்ச்சத்தம் இல்லாமல், இந்த அளவுக்கு வராது. இன்றைய ஈஆர்4எஸ்ஆர் 45 ஓம். விலை நம் பட்ஜெட்டைத் தாண்டி ஓடும். டைனமிக் டிரைவர் (ஸ்பீக்கர் மாதிரி அதிரும் சின்னத் தகடு) வைத்த ஈஆர்2எஸ்இ அதைவிடக் குறைவு. பெயரில் எஸ்ஆர், எஸ்இ என்று முடிபவை பேஸ் ஏற்றாதவை. எக்ஸ்ஆர் என்று முடிபவை கீழே கொஞ்சம் சதை போட்டவை. வாங்குவதானால் எக்ஸ்ஆர் வாங்கு என்பேன், பஸ் உறுமலில் பேஸ் கொஞ்சம் தொலைந்துபோகும் என்ற காரணத்துக்காக.

ஆனால் எல்லோராலும் இதைப் போட முடியாது. அவ்வளவு ஆழம் போனதும் சிலருக்கு இருமல் வரும், சிலருக்கு ஒரு மாதிரி இருக்கும். வயர் சட்டையில் உரசினால் அந்த உரசல் காதுக்குள் தட்டும். காதுக்கு மேலே சுற்றிப் போட்டால் குறையும். காதழுக்கு வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும். நம்மூர் வியர்வைக்கு அந்த ஆழ அடைப்பு அரிப்பு கொடுக்கும். இதையெல்லாம் சொன்னதும், “வேணாம் மாமா, டாக்டர்கிட்ட போற மாதிரி இருக்கு” என்றான். மிருதங்கக்காரன் கைக்கு உணர்ச்சி அதிகம், காதுக்கும் இருக்கும் போல.

சீனத் தயாரிப்புகளில் மூன்று. மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சல்நோட்ஸ் ஜீரோ 2, ட்ரூத்இயர் ஹெக்ஸா. முதல் இரண்டும் 2,000 ரூபாய் அளவில், ஹெக்ஸா ஏழெட்டாயிரம். பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு ஒலிக்கு இதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் வயர் கழலும். வயரின் ஆயுள்தான் இயர்போனின் ஆயுள் என்ற காலம் போயிற்று.

சூ 2 உலோக உடம்பு, சின்னது, சின்னக் காதுக்கும் உட்காரும். குரலும் வயலினும் துலக்கம். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தாராளம் என்பதால் வால்யூம் ஏற்றினால் நாதஸ்வரம் குத்தலாம். ஜீரோ 2 அதற்கு எதிர்ப்பக்கம்: பேஸ் கொஞ்சம் கூட, மேலே மென்மை. பஸ்ஸுக்கு மட்டும் என்றால் இந்த இரண்டில் ஜீரோ 2 என் தேர்வு. உறுமல் தின்பது போக மிச்சம் வருகிற பேஸ் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

ஹெக்ஸா 2022-ல் வந்தது. ஒரு டைனமிக் டிரைவரும் மூன்று பேலன்ஸ்டு ஆர்மேச்சரும் (இது இன்னொரு வகைக் குட்டி டிரைவர்). ஜீரோ 2-ஐ விட பேஸ் அடக்கம், தடிப்பு கீழேயே நின்றுவிடும், நடுப்பகுதிக்குள் வழியாது. நடுப்பகுதி நேர்மை. மேலே அதட்டல் கிடையாது. இதைக் காதில் வைத்த முதல் நிமிஷம் யாருக்கும் வியப்பு வராது. “இவ்வளவுதானா?” என்று தோன்றும். இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு ஆசைகளின் சண்டை வருகிறது.

8,000, 10,000 ஹெர்ட்ஸில் ஒரு தூக்கல் வைத்தால் போதும், எந்த இயர்போனும் ஐந்து நிமிஷத்துக்கு நுணுக்கமாகத் தெரியும். வில் இழுக்கும் ஓசை, பாடகர் மூச்சு, தோலில் விரல் படும் ‘டிக்’ எல்லாம் முன்னால் வந்து நிற்கும். புதிதாக ஏதோ கேட்பது போல இருக்கும். உண்மையில் அங்கே இருந்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பெரிதானது மற்றதை மறைக்கும். அரை மணி நேரத்தில் காது சோர்ந்துவிடும். ஆகவே துலக்கத்தைச் சோதிக்க ‘டிக்’கைக் கேட்கக் கூடாது. மிருதங்கம் நன்றாகத் தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல சோதனை இருக்கிறது.

வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை சும்மா அலங்காரம் இல்லை. சாதாரணத் தோலை அடித்தால் கூடவே மேலே எழும் மேலோசைகள் அடிப்படைச் சுருதியோடு ஒட்டாமல் கலைந்துகிடக்கும். கரணையின் எடை அவற்றை இழுத்து முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920-ல் இதை எழுதினார். அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. இயர்போன் நடு அலைவரிசையில் எங்காவது பள்ளமோ மேடோ வைத்திருந்தால் அந்த மேலோசைகளின் பலம் குலைந்துவிடும். ‘சாப்பு’க்கும் ‘தின்’னுக்கும் நடுவே இருக்கிற நிற வித்தியாசம் சுருங்கும். தினமும் அந்தத் தோலை அறைகிற பையனுக்கு இது சட்டென்று தெரியும்; எனக்குத் தெரிவதை விட அவனுக்கு. அடுத்தது தொப்பியில் கும்கி: மணிக்கட்டு அழுத்தத்தில் சுருதி வழுக்கி ஏறும் பாதை முழுக்க ஒரே தடிமனில் கேட்கிறதா, இல்லை ஓரிடத்தில் மட்டும் வீங்குகிறதா? வீங்கினால் பேஸ் நடுவில் வழிகிறது. மூன்றாவது தம்பூரா. குதிரையில் ஜீவா நூல் சரியாக நின்ற தம்பூராவின் ரீங்காரம் மேலோசைகளால் ஆனது. மேலே தூக்கிய இயர்போனில் அது கொசு மாதிரி இரையும், மேலே அமுங்கிய இயர்போனில் மரக்கட்டையாகும்.

இந்தச் சோதனைகளில் ஹெக்ஸா சீராக நிற்கிறது. சூ 2 தம்பூராவில் கொஞ்சம் பளபளப்பு கூட்டுகிறது. ஜீரோ 2 கும்கியின் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிக்க வைக்கிறது.

அதனால் இந்தப் பையனுக்கு என் பதில் ஹெக்ஸா. பஸ் மட்டும்தான் என்றால் ஜீரோ 2-ஐச் சொல்லி மிச்சக் காசுக்கு நல்ல தோல் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ராத்திரி ரெக்கார்டிங் சரி பண்ணும் வேலையும் இதிலேயே நடக்க வேண்டும் என்பதால், பேஸை மிகைப்படுத்தாத ஒன்று வேண்டியிருக்கிறது. பேஸ் கூடிய இயர்போனில் கலவை செய்பவன் தன்னை அறியாமல் தொப்பியைக் குறைப்பான். கேட்கிறவர் காதில் மிருதங்கம் கஞ்சிராவாகிவிடும். எதில் கலவை செய்தாலும் கடைசியில் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனுப்புகிற வாட்ஸ்ஆப்பில் அத்தை மாமாக்கள் அதில்தான் கேட்கப் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹெக்ஸாவில் காதுக்குள் போகும் மூக்கு தடிமன். சின்னக் காதுக்கு வலிக்கும். அப்படியென்றால் சூ 2-ஐ வாங்கி, ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஓரிரு டெசிபல் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் ஆப்பும், விண்டோஸ் லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏபிஓவும் இலவசம். பிரபல மாடல்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வைத்த திருத்தங்கள் ஆட்டோஈக்யூ என்ற இணையதளத்தில் கிடைக்கும். அவற்றை வேதமாக எடுத்துக்கொள்ளாமல் ஆரம்பமாக எடுத்துக்கொண்டால் நல்லது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒவ்வொரு காதும் வேறு.

போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால், சார்ஜர் ஓட்டையில் செருகி ஹெட்போனை மாட்டும் டாங்கிள் வேண்டும். ஆப்பிளின் குட்டி யூஎஸ்பி-சி டாங்கிள் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது, அளவீட்டில் பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றில் அது பாதி வோல்டேஜ்தான் கொடுக்கும். இங்கே சொன்ன சீன இன்-இயர்களுக்கு அதுவே தாராளம். பழைய லேப்டாப்பில் நேரடியாகச் செருகுவதானால் கவனம்: சில லேப்டாப்களின் ஹெட்போன் ஓட்டையில் மின்தடை அதிகம், ஹெக்ஸா மாதிரிப் பல டிரைவர் வைத்தவற்றின் ஒலி அதில் நிறம் மாறும். டாங்கிளையே லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டால் தொல்லை விட்டது. தனி ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை. விற்க வருவார்கள்.

காசை உண்மையில் எங்கே போட வேண்டும் என்றால், காதுக்குள் போகும் ரப்பரில். பெட்டியோடு வரும் சிலிக்கான் டிப்ஸ் சரியாக அடைக்கவில்லை என்றால் மேலே எழுதிய அத்தனையும் வீண்: பேஸ் போய்விடும், அமைதியும் போய்விடும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு சரிவரும் என்று சட்டமில்லை. நுரை டிப்ஸ் சிலிக்கானை விட நன்றாக அடைக்கும், ட்ரெபிளைச் சற்றுக் குறைக்கும். கடற்கரை ஊரில் நுரை சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும் என்பதால் ஒன்றுக்கு இரண்டு ஜோடி வாங்கி வைப்பது நல்லது.

ஈரம் பற்றி இன்னும் ஒன்று. ஒரு பக்கம் திடீரென்று சத்தம் குறைந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். பாதி நேரம் டிரைவர் பழுதாகியிருக்காது. மூக்கில் உள்ள மெல்லிய வலையில் ஈரமோ அழுக்கோ அடைத்திருக்கும். ஒரு ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். வயர் செருகும் இரண்டு ஊசிகளும் வியர்வை உப்பில் பச்சை பூக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இவ்வளவு அடைக்கிற இயர்போனோடு புதுச்சேரி மறைமலையடிகள் சாலையைக் கடப்பது தற்கொலைக்குச் சமம்.

புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் ப்ளூடூத் மாடல்களைப் போட்டுப் பார்க்கலாம். இந்தச் சீன இயர்போன்கள் பெரும்பாலும் ஆன்லைனில்தான். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று பார்த்து வாங்க வேண்டும்; சோனி 7506-க்கெல்லாம் அச்சு அசலான போலி உண்டு. காதுக்குள் போகும் பொருளை ஒருமுறை போட்டுவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சில கடைகள் சொல்லும், அதைக் காசு கட்டும் முன்பே படித்துவிடு. வந்ததும் ஒரு மோனோ பதிவைப் போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேள். ஒரு பக்கம் சாய்ந்தால் இடது வலதை மாற்றிப் போட்டுப் பார்: சாய்வும் பக்கம் மாறினால் இயர்போனில் கோளாறு, மாறாமல் அதே பக்கம் நின்றால் அந்தக் காதுக்கு டிப்ஸ் அளவு சரியில்லை.